பூஜ்யம் எந்தப் பக்கம்?

ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். அக்கா வேண்டாம் என்று சொன்ன ஏதாவது ஒன்று. ஒரு புடவை, ஒரு பொரியல், ஒரு பயணம், சொல்லாமல் வந்து நின்ற ஒரு விருந்தாளி, எதுவானாலும் சரி. பிறந்ததிலிருந்து கூடவே இருந்திருக்கிறேன். ஒன்றுகூடவா ஞாபகத்துக்கு வராது?

கத்தரிக்காய். அக்கா கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குவாள். சுகந்திக்கு ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. அப்புறம்தான் உறைத்தது. ஒதுக்கியது அக்கா இல்லை, தான். ஒதுக்கிய துண்டுகளை எடுத்துத் தின்றவள்தான் அக்கா. பிடித்துப்போய்த் தின்றாளா, வீணாகக் கூடாதென்று தின்றாளா? அதுவும் தெரியவில்லை.

விடிந்ததிலிருந்து இதே கதைதான். மறந்துபோன ஒரு மறுப்பை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக்கொண்டு வருவாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அது தன்னுடையதாக இருக்கும். அக்கா அதன் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பாள், சிரித்தபடி.

மருத்துவமனையின் நான்காம் மாடி நடைகூடத்தில் சுகந்தியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், குடிநீர்க் குழாய் வரைக்கும் போய்க் குடிக்காமல் திரும்பினாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்த ஆனிக் காற்று கோயம்புத்தூரையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடி தன் சட்டத்துக்குள் ஓயாமல் கடகடவென்று ஆடியது. யாராவது அதற்கு ஒரு காகிதம் மடித்துச் சொருகினால் என்ன என்று எரிச்சலாக வந்தது. சொருகவும் கை வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா பரிமளா மூன்று வாரமாகக் கண் திறக்காமல் கிடக்கிறாள். மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. மூச்சை ஒரு இயந்திரம் விட்டுக்கொண்டிருக்கிறது. வருஷக்கணக்கில் இப்படியே இருக்கலாம், ஒருநாள் விழித்தாலும் விழிக்கலாம், விழித்தால் எந்த அளவுக்கு விழிப்பாள் என்று சொல்ல முடியாது என்கிறார்கள் டாக்டர்கள். இயந்திரத்தை எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா?

முன்காலமாக இருந்தால் இந்தக் கேள்வி சொந்தக்காரர்கள் நடுவே விழுந்து, குடும்பமே நாலாக உடைந்திருக்கும். இப்போது அதற்கென்று மறுகுரல் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டவர்கள் நாளெல்லாம் எடுக்கிற சின்னச்சின்ன முடிவுகளை அது வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கும். என்ன வாங்கினார்கள், எதைத் திருப்பிக் கொடுத்தார்கள், எந்த அழைப்பை எடுக்கவில்லை, சமையலறையில் என்ன பேசினார்கள் என்று எல்லாம் அதற்குத் தெரியும். அவர்கள் வாய் மூடிப்போகும் நாளில் டாக்டர்கள் அந்த மறுகுரலைக் கேட்பார்கள். கணக்குப் போட்டு, நிறுத்து என்றோ தொடர் என்றோ அது சொல்லும். சட்டப்படி அது அவரவர் சொந்த வார்த்தை. பெற்ற பிள்ளைக்கோ கட்டியவருக்கோ அதில் பாவமில்லை.

சுகந்திக்கு மறுகுரலை நடத்துகிற நிறுவனத்தில்தான் வேலை, அதன் கணக்கை எழுதுவது. அவளே சேர்த்துவிட்ட உறவினர்கள் இருக்கிறார்கள். அக்காவை மட்டும் அவள் கணவர், மாமா, சேரச் சொன்னார்; சேர்ந்தாள்.

நேற்று முற்பகலில் பரிமளாவின் மறுகுரலைக் கேட்டார்கள். அது நிறுத்து என்றும் சொல்லவில்லை, தொடர் என்றும் சொல்லவில்லை. திரையில், 'நிறுத்தம். மனிதர் ஒருவர் வர வேண்டும்' என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. நர்சுகள் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தார்கள். அந்த வாசகத்தை எழுதியவள் சுகந்தி. எழுதியபோது அது ஒருநாளும் திரைக்கு வராது என்று அவளே நம்பியிருந்தாள்.

லிஃப்ட் கதவு திறந்து மாமா வந்தார். சென்னியப்பன். பீளமேட்டில் பம்புசெட் பாகங்களை லேத்தில் கடையும் பட்டறை வைத்திருப்பவர். எப்போதும் சலவை மடிப்புக் கலையாத சட்டை போடுகிறவர், மூன்று வாரமாகச் சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு வருகிறார்.

"ஏன் அம்மிணி, அந்த மிசின் ரிப்பேராமா?"

"ரிப்பேரில்லீங் மாமா."

"அப்பறம் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்குது? ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லுது, உங்கக்காளுக்கு மட்டும் சொல்ல மாட்டேங்குது. நீ வேலை பாக்கற எடந்தான? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லேன்."

"கேட்டுட்டுத்தான் இருக்கறேனுங்."

அவர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "நிறுத்துன்னு சொன்னாலும் சரி. வெச்சுக்கோன்னாலும் சரி. வெச்சுக்கோன்னா பட்டறைய வித்தாவது வெச்சுக்கறேன், அது பத்தி இல்ல. ஆனா அவ சொல்லோணும். நான் சொன்னேன்னு வெய்யி, நாளைக்கு அவ போட்டோவப் பாத்து நான் எப்படிச் சோறு திங்கறது?"

சுகந்தி அவர் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்பதா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டாள்.

"மாமா, அக்கா எப்பவாச்சும் உங்ககிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்குதுங்களா? சும்மா, எதுக்காவது?"

சென்னியப்பன் நிமிர்ந்தார். மூன்று வாரத்தில் முதன்முறையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"உங்கக்காளா? கட்டுன நாள்லருந்து ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல அம்மிணி. எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு, இப்படியொரு மருமவ இந்த ஜில்லாவுலயே கெடையாதுன்னு. நான் என்ன எடுத்துக் குடுத்தாலும் அதுதான் அவளுக்குப் புடிச்ச கலரு." சொல்லிக்கொண்டு வரும்போதே துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார்.

மனைவியைப் புகழ்கிறோம் என்றுதான் நினைத்தார். சுகந்தி எழுந்து கடகடக்கிற சன்னல் பக்கம் போனாள். கைபேசி அதிர்ந்தது. வைதேகி மேடம்.

"உடனே ஆபீஸுக்கு வா, சுகந்தி."

*

டாக்டர் வைதேகி, மறுகுரலைத் தொடங்கியவர். அறுபதைத் தாண்டியவர், இன்னும் மாடிப்படியில் ஓடி ஏறுகிறவர். அவருடைய அப்பா ஏழு மாதம் குழாய்களோடு கிடந்தபோது அவரும் கூடப்பிறந்த இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த இழுப்பு நிற்கவில்லை. பல வருஷம் ஒருவருக்கொருவர் பேச்சு இல்லாமல் இருந்தது. 'இன்னொரு வீட்டுக்கு இப்படி நடக்கக் கூடாது' என்றுதான் இதை ஆரம்பித்தார். சுகந்தி அதை நம்பித்தான் வேலைக்கு வந்தாள். இப்போதும் நம்புகிறாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரவணம்பட்டி அலுவலகத்தில் அவர் அறையில் ஜெரோமும் இருந்தான். சுகந்தியோடு பத்து வருஷமாக ஒரே மேசையில் வேலை செய்கிறவன். அவன் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"அக்கா எப்படி இருக்காங்க?" என்றார் வைதேகி. பதிலுக்குக் காத்திராமல், "எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க ரெண்டு பேரும். இது வரைக்கும் ரெண்டு வழிதானே காட்டினீங்க? நிறுத்து, தொடர். இந்த மூணாவது எங்கேருந்து முளைச்சுது?"

"முளைக்கல மேடம். முதல்லேருந்தே இருந்தது," என்றாள் சுகந்தி. "நம்ம கணக்கோட அஸ்திவாரம் எங்கேயோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துல கருத்துக்கணிப்புக்காக எழுதினது. ஃபோர்ட்ரான்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள்ல வந்த மொழி அது. அப்பல்லாம் 'இப்படி இருந்தா இதைச் செய், இல்லேன்னா அதைச் செய்'னு எழுத முடியாது. ஒரு எண்ணைக் குடுக்கணும். மெஷின் அதைப் பார்க்கும். மைனஸா இருந்தா ஒரு வழி, பூஜ்யமா இருந்தா ஒரு வழி, ப்ளஸ்ஸா இருந்தா ஒரு வழி. மூணு வழியையும் எழுதித்தான் ஆகணும். எழுதறவங்க பூஜ்யத்தைப் பத்தி யோசிக்காம தப்பிக்க முடியாது."

"அப்புறம் அல்கால்னு ஒண்ணு வந்துது மேடம்," என்றான் ஜெரோம். "அதுல ஆமாம், இல்லை, ரெண்டே ரெண்டு. பார்க்க அழகா இருக்கும். அதுக்கப்புறம் வந்த பிள்ளைங்க எல்லாம் அந்த ஜாடையிலதான் பொறந்துச்சு. ஃபோர்ட்ரானே பின்னாடி இந்த ரெண்டு வழியையும் சேர்த்துக்கிச்சு. அதே சமயத்துல கோபால்னு ஒரு மொழி வேற, பேங்க் கணக்கெல்லாம் அதுலதான். எங்க சித்தப்பா பேரு."

வைதேகி சிரிக்கவில்லை. "சரி, மூணை ரெண்டா மாத்தும்போது?"

"பூஜ்யம் அநாதை ஆயிடும்," என்றான் ஜெரோம். "கல்யாணமாகாத அத்தையை எந்த வீட்டு ரேஷன் கார்டுல சேர்க்கறதுன்னு தெரியாம, பக்கத்துல இருக்கற கார்டுல சேர்ப்பாங்க இல்ல? அந்த மாதிரி. நமக்கு முன்னாடி யாரோ மாத்தினவங்க மைனஸ் பக்கம் சேர்த்துட்டாங்க. 'சிறியது'ன்னு போட வேண்டிய இடத்துல 'சிறியது அல்லது சமம்'."

"இந்த வருஷம் தணிக்கைக்காக நான் அந்தப் பழைய மூலத்தைப் பார்த்துத் திருப்பி எழுதினப்ப மூணு வழி இருந்தது," என்றாள் சுகந்தி. "பூஜ்யத்தோட வழியில அந்தக் காலத்து மொழியில ஒரு சொல். அதைப் பார்த்ததும் மெஷின் அப்படியே நின்னுடும். பக்கத்துல இருக்கற ஆள் எழுந்து வந்து என்னன்னு பார்த்துட்டுப் பொத்தானை அமுக்கினாத்தான் மறுபடி ஓடும். கருத்துக்கணிப்பு அட்டையில யாரும் ஒண்ணுமே குறிக்கலேன்னா, அந்த அட்டையை ஒரு மனுஷன் கையில எடுத்துப் பார்க்கணும்னு எழுதினவர் நினைச்சிருக்கார். நான் அதை அப்படியே வெச்சேன்."

"தசமத்துக்கு அப்புறம் அத்தனை இலக்கம் இருக்கற எண். சரியா பூஜ்யம்னு வர வாய்ப்பே இல்லைன்னு நீதானே தணிக்கைக்காரங்ககிட்ட சொன்னே?"

"சொன்னேன். கூட்டிக் கழிச்சுப் பூஜ்யம் வராது மேடம். கூட்டறதுக்கே ஒண்ணும் இல்லேன்னா வரும்."

வைதேகி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாமதான் வடிகட்டறோம்," என்று சுகந்தி மெதுவாகச் சொன்னாள். "மத்தவங்க சொன்னதுக்காகச் செஞ்சது, மத்தவங்க முகத்துக்காக ஒத்துக்கிட்டது, இதையெல்லாம் கணக்குல சேர்க்கக் கூடாது, அவங்களே விரும்பினது மட்டும்தான் வேணும்னு வெச்சிருக்கோம். நல்லதுக்குத்தான் வெச்சோம். எங்க அக்காவுக்கு அப்படி வடிகட்டினா ஒண்ணும் மிஞ்சல."

இதைச் சொன்னபோது தன் குரல் இவ்வளவு சாதாரணமாக இருப்பதைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒரு மனுஷியின் முழு வாழ்க்கையையும் சல்லடையில் கொட்டி அடியில் ஒன்றுமில்லை என்று அறிக்கை கொடுப்பதுபோல. ஒன்றுமில்லாமலா அவள் இருந்தாள்? அவள் வந்து உட்கார்ந்தால் அந்த அறையே இளகிவிடுமே. அதற்கு எந்தக் குறி?

வைதேகி கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "பழையபடி மாத்திடு. தணிக்கையில சான்று குடுத்தவங்கதான் ஒரு வருஷத்துக்கு இதுல கைவைக்க முடியும். வேற ஆள்னா மறுதணிக்கை, மாசக்கணக்காகும். நீதான் போடணும். அந்தக் குறிக்கு அடியில சமம்னு ஒரு கோடு, அவ்வளவுதான்."

"பழையபடின்னா மைனஸ் பக்கம். நிறுத்துன்னு வரும்."

"தெரியும்." அவர் குரல் தணிந்தது. "உன்கிட்ட இதைக் கேக்கறது எனக்கு எவ்வளவு... சுகந்தி, ப்ளஸ் பக்கம் போட்டா இத்தனை வருஷமா நாம சொன்ன பதில் எல்லாத்தையும் கேள்வி கேப்பாங்க. நின்னுட்டே இருந்தா நாளைக்கு எந்த ஆஸ்பத்திரியும் நம்மளை நம்பாது. சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லு. நானே ஆஸ்பத்திரிக்கு வரேன்."

*

தன் மேசைக்கு வந்தும் சுகந்தி உட்காரவில்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடினாள்.

"ஜெரோம், பழைய ஆட்கள் எல்லாரையும் புதுக் கணக்குல ஓட்டிப் பார்க்கலாமா? பதில் குடுத்து முடிஞ்சவங்களை."

"செத்தவங்களையா?"

"ஆமா."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஓட்டினான்.

பெயர்கள் திரையில் ஓடின. நிறுத்து, தொடர், நிறுத்து, நிறுத்து. கோயில் குளத்தில் நாணயம் விழுவதுபோல ஒவ்வொன்றும் சட்டென்று விழுந்து மறைந்தது. ஜெரோம் நாற்காலியில் சாய்ந்து, "பார்த்தீங்களா, எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கு. எங்க வீட்டுல..." என்று ஆரம்பித்தான்.

ஓட்டம் நின்றது.

'நிறுத்தம். மனிதர் ஒருவர் வர வேண்டும்.' மேலே ஒரு பெயர்: ருக்குமணி. பழைய கணக்கு அவளுக்குச் சொன்ன பதில் பக்கத்தில் இருந்தது: நிறுத்து.

ஜெரோம் முன்னால் சாய்ந்து விசையை அமுக்கினான். மறுபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. பாத்திமா பீவி. அமுக்கினான். மாரியாயி. அமுக்கினான். செல்வநாயகி. புஷ்பம். அவன் முகத்திலிருந்து கேலி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோயிற்று. ஒரு ஆணும் வந்தார். அண்ணன் குடும்பத்தோடு கடைசிவரை ஒண்டியிருந்தவர் என்று குறிப்பில் இருந்தது. மறுபடி பெண்கள். ஒவ்வொரு முறையும் இயந்திரம் நின்று, ஒரு மனிதக் கைக்காகக் காத்திருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் விரல் முன்னைவிட மெதுவாக இறங்கியது.

அத்தனை பேர் வீட்டிலும் சட்டம் போட்ட ஒரு சான்று மாட்டியிருக்கும் என்று சுகந்தி நினைத்தாள். 'இது அவருடைய சொந்த முடிவு.' வாழ்நாள் முழுக்க ஒரு முடிவும் எடுக்க விடப்படாதவர்களுக்கு, கடைசியில் அந்த ஒரே ஒரு முடிவை மட்டும் எடுத்த பெருமையை நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

"ஏங்க சுகந்தி," என்றான் ஜெரோம். விசையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "நான் அமுக்கலீங்க. நீங்க பாருங்க."

ஓட்டத்தின் கடைசிப் பகுதி, நிறுவனம் தொடங்கிய புதிதில் பதிவு செய்தவர்கள். அலமேலு. வயது எண்பத்தொன்று. பதிவு செய்தவர், மகள், டாக்டர் வைதேகி.

அப்பாவுக்கு நேர்ந்தது அம்மாவுக்கு நேரக் கூடாதென்று முதல் ஆளாக அம்மாவைத்தான் சேர்த்தார். இரண்டு வருஷம் கழித்து அம்மா விழுந்தபோது மறுகுரலைக் கேட்டார்கள். நிறுத்து என்றது. 'எங்க அம்மாவே சொல்லிட்டாங்க. நாங்க மூணு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். சண்டை இல்லை.' எத்தனை மேடைகளில் வைதேகி இதைச் சொல்லி சுகந்தி கேட்டிருக்கிறாள்! ஒவ்வொரு முறையும் அவர் கண் கலங்கும். கேட்கிறவர்களுக்கும் கலங்கும்.

சுகந்தி விசையை அமுக்கவில்லை. திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

மருத்துவமனைக்குப் பேருந்தில் போகும்போது மனம் ஒரு வேலை செய்தது. மிகச் சுத்தமாக, கணக்காக. ப்ளஸ் பக்கம் ஒரு கோடு போட்டுவிடலாம். 'பெரியது அல்லது சமம்.' அக்கா இருப்பாள். யார் என்ன கேள்வி கேட்டாலும் கேட்டுக்கொள்ளட்டும். அக்கா இருப்பாள், நான் போய்ப் போய்ப் பார்ப்பேன். நேற்றிரவே விரல் அந்தக் குறிவரைக்கும் போனதை அவள் தன்னிடமிருந்து மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

போட்டால் என்ன ஆகும்? திரை, 'தொடர்' என்று சொல்லும். கீழே, 'இது பரிமளாவின் சொந்த முடிவு' என்று வரும். நான் அவள் வாய்க்குள் கையை விட்டு நாக்கை அசைத்திருப்பேன். பாவாடை எடுத்துக் கொடுத்தவர்கள், மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்தவர்கள், கலர் எடுத்துக் கொடுத்தவர் எல்லாரும் நின்ற வரிசையில் கடைசியாகப் போய் நானும் நிற்பேன். ஆசையோடுதான். அவர்களும் ஆசையோடுதான் நின்றார்கள்.

அந்தக் குழாய்கள் அவளுக்குப் பிடிக்காமலும் இருக்கலாமே. தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாள் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இறங்க வேண்டிய இடம் வருவதற்கு வெகு முன்னாலேயே சுகந்தி இருக்கையிலிருந்து எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

*

வைதேகி அவளுக்கு முன்பே வந்திருந்தார். சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு டாக்டராக, மெல்லிய குரலில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மடியில் கணினி திறந்திருந்தது. திரையில், மாற்ற வேண்டிய கணக்கின் அந்த ஒரு வரி. அதன் நடுவே கோடு போட வேண்டிய இடத்தில் சுட்டி துடித்துக்கொண்டிருந்தது.

"வா, உக்காரு," என்றார்.

சுகந்தி நின்றாள்.

"ஜெரோமுக்கு போன் பண்ணேன். பேச மாட்டேங்கறான். அவன் பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லை." வைதேகி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "பழைய ஆட்களை ஓட்டிப் பார்த்தீங்க, இல்ல?"

"ஆமாம் மேடம்."

"எங்க அம்மா நின்னாங்களா?"

காற்று சன்னலை உலுக்கியது. பொய் சொல்லலாம் என்று சுகந்திக்குத் தோன்றியது. இல்லை, ஓடிவிட்டார்கள், நிறுத்து என்றுதான் வந்தது என்று ஒரு வாக்கியம். ஒரு வயதான பெண்ணுக்கு அந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? உதட்டைத் திறந்தாள். அந்த வாக்கியம் வரவில்லை.

அவள் தாமதித்ததே போதுமாக இருந்தது. வைதேகி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கை கணினியின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

"அம்மாகிட்ட கேட்டா, 'உங்களுக்கு எது சௌகரியமோ'ம்பாங்க," என்றார், யாரிடம் என்றில்லாமல். "நாங்க மூணு பேரும் அதை வெச்சுக் கேலி பண்ணுவோம்." சற்று நேரம் கழித்து, முற்றிலும் வேறு குரலில், கெஞ்சுகிற குரலில், "போட்டுடு சுகந்தி. பழையபடியே இருக்கட்டும். பூஜ்யம்னா விருப்பமில்லைன்னு அர்த்தம். விருப்பமில்லைன்னா வேண்டாம்னு அர்த்தம். அப்படி எடுத்துக்கலாம். எடுத்துக்க முடியாதா?"

இத்தனை வருஷத்தில் வைதேகி யாரிடமும் கெஞ்சி சுகந்தி பார்த்ததில்லை. அவர் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது.

"மாட்டேன் மேடம்," என்றாள்.

சென்னியப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே அவரை எழுப்பி நிற்க வைத்தது.

"அம்மிணி, இந்தம்மா சொல்றதப் பாத்தா இந்தக் கோட்ட நீ எந்தப் பக்கம் இழுக்கறியோ அதுதான் முடிவாட்ட இருக்குது. அப்படித்தான?"

"அப்படித்தானுங் மாமா."

"அப்ப..." அவர் கதவைப் பார்த்தார். கண்ணாடி வழியாகப் பச்சை விளக்கு ஒன்று தெரிந்தது. "அப்ப இருக்கற பக்கம் இழு சாமி. இருக்கட்டும். அவ கண்ணு தொறக்காட்டியும் போச்சாது, இருக்கட்டும். நான் வந்து உக்காந்துக்கறேன்."

எல்லாம் ஒரு நொடியில் இளகிவிடும் போலிருந்தது. சுகந்தி நாளெல்லாம் அடக்கி வைத்திருந்ததும் அதேதான். அதே சொல், அதே பக்கம். ஒரு விரலை நீட்டினால் போதும்.

"அத நீங்க சொல்லுங் மாமா," என்றாள். "உள்ள டாக்டர் இருக்காரு. மெஷின் பதில் சொல்லலேன்னா பழைய சட்டப்படி உங்களத்தான் கேப்பாங்க. 'எம் பொண்டாட்டி இருக்கோணும்னு நான் நெனைக்கறேன்'னு சொல்லுங்க. உங்க பேர்ல."

"எம் பேர்லயா?" அவர் திடுக்கிட்டார். "நாளைக்கு அவ படற வேதனைக்கெல்லாம் நானா பொறுப்பு? வேண்டா அம்மிணி. அவ சொன்னதா இருக்கட்டும். நமக்குள்ளதான? யாருக்குத் தெரியப் போகுது? அவ சொன்னதா இருந்துட்டுப் போகட்டுமே."

வைதேகியும் நிமிர்ந்து பார்த்தார். கணினியைச் சற்றே சுகந்தியின் பக்கம் திருப்பினார். எந்தப் பக்கமானாலும் சரி, போட்டுவிடு என்பதுபோல.

சுகந்தி அதைத் தொடவில்லை. மாமாவின் சட்டையில் இடம் மாறிப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் மாட்டிவிட்டாள். அவர் சின்னப் பிள்ளையைப்போல அசையாமல் நின்றார்.

"இல்லீங் மாமா," என்றாள். "அக்கா ஒண்ணும் சொல்லல."